பிளெதொரா: நிறையவா, கூடிப்போனதா?

2025 மே 4

வாசகி ஒருவரின் கேள்வி: "மகள் உயர்தரம் படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் 'எ பிளெதொரா ஒஃப் ஒப்பர்ச்சுனிட்டீஸ்' என்று எழுதினாள். ரீச்சர் சிவப்புப் பேனையால் சுழித்து, பொருத்தமில்லாத சொல் என்று குறித்திருக்கிறார். அகராதியில் 'நிறைய' என்றுதானே போட்டிருக்கிறது? யார் சொல்வது சரி?"

அகராதியும் சரி, ரீச்சரும் சரி. அந்தச் சொல்லில் இரண்டு பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. பழையது: தேவைக்கு மேல் நிறைந்து, தொல்லையாகிவிட்ட நிலை. புதியது: வெறும் ஏராளம். இப்போதைய ஆங்கில அகராதிகள் இரண்டையும் தருகின்றன. ரீச்சர் பழைய பொருளில் வளர்ந்தவர் போலிருக்கிறது. வாய்ப்புகள் கூடினால் அது எப்படித் தொல்லையாகும் என்று கேட்டிருப்பார். புள்ளி வேண்டுமென்றால் மகளை 'மெனி' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு ரீச்சரும் அதைச் சுழிக்க மாட்டார்.

வெள்ளவத்தையில் கனகாலம் ஆங்கில வகுப்பு எடுத்தவன் நான். இந்தச் சொல் பிள்ளைகளிடம் வாசிப்பினால் வருவதில்லை. "உயர்ந்த சொற்கள்" என்று யாரோ தட்டச்சுச் செய்து, போட்டோ கொப்பியாகக் கைமாறிக்கொண்டிருக்கும் பட்டியலில் இருந்து வருகிறது. அந்தப் பட்டியலில் 'பிளெதொரா'வுக்கு நேரே 'லொட்ஸ் ஒஃப்' என்று மட்டும் இருக்கும். பிள்ளையைக் குறைசொல்ல முடியாது.

மே 4, இரவு

சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சொல்லலாம் போலிருந்தது.

இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் புலவர்கள் அல்ல, வைத்தியர்கள். கிரேக்கத்தில் 'பிளேதோரே' என்றால் நிரம்பியிருத்தல். உடம்பில் இரத்தமோ வேறு நீரோ அளவு கடந்து சேர்ந்துவிட்டால் அந்த நோய்க்கு அங்கே அதுதான் பெயர். இலத்தீன் வழியாக 1540களில் ஆங்கில வைத்திய நூல்களுக்குள் வந்தது. வைத்தியத்துக்கு வெளியே, எதுவானாலும் அளவு மீறியது என்று பொதுவாக ஆளத் தொடங்கியது 1700 வாக்கில்தான். அப்புறம் மெல்ல மெல்ல நோய் கழன்று, எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

மே 6

இரண்டு பேர் இரண்டு விதமாக வேர் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஒருவர் சொல்கிறார், இரத்தம் கூடிய நோய் என்பதால் இது 'பிளட்' என்ற சொல்லோடு உறவாம். இல்லை. 'பிளட்' ஆங்கிலம், ஜேர்மன் மொழிகளின் சொந்தச் சரக்கு. இது கிரேக்கம். முதலெழுத்து ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

மற்றவருக்கு நம் 'பல'தான் கிரேக்கத்துக்குப் போய் 'பொலி' ஆகி, 'பிளெதொரா'வும் ஆனது. ஐயா, உங்கள் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 'பொலி'க்குச் சமஸ்கிருதத்தில் 'புரு', ஜேர்மனில் 'ஃபீல்' என்று அந்தக் குடும்பத்துக்குள்ளேயே உடன்பிறப்புகள் இருக்கின்றன. ஒலி மாறிய வழியும் ஒழுங்காகத் தெரிகிறது. ஒரு சொல் இன்னொன்றைப் போல ஒலிக்கிறது என்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால், 'மாங்காய்' என்பதும் 'மங்கி' என்பதும் அண்ணன் தம்பியாகிவிடும்.

நிரப்புதல் என்ற பொருளுள்ள மிகப் பழைய வேர் ஒன்று இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஃபுல்', 'ஃபில்', இலத்தீன் வழி வந்த 'பிளென்டி', 'கொம்ப்ளீட்', 'பிளஸ்' எல்லாம் அதே வேரில் முளைத்தவை. இதே குடும்பத்தில் ஒருவர் நம் வீட்டிலும் இருக்கிறார். அதற்கு வேறு நாள் வருகிறேன்.

மே 7

கண்டியில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "இரத்தம் கூடுவது எப்படி நோயாகும்? குறைவது அல்லவா நோய்?"

நல்ல கேள்வி. இதை நம்பியவர்களில் பெரிய ஆள் எராசிஸ்திராத்தஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டு, அலெக்சாந்திரியா. அவர் கணக்குப்படி நாளங்களில் இரத்தம் ஓடுகிறது, நாடிகளில் காற்று ஓடுகிறது. அதிகம் தின்று இரத்தம் கூடிப்போனால், நாளத்தில் இடம் போதாமல் அது நாடிக்குள் கசிந்து காற்றின் வழியை அடைக்கும், காய்ச்சலும் வீக்கமும் வரும். நாடியில் காற்று என்பது இன்று நமக்குச் சிரிப்பு. ஆனால் அவரவர் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே யோசிக்க முடியும்? செத்த உடம்பை அறுத்துப் பார்த்தால் நாடிகள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும்.

அவருடைய மருந்து எனக்குப் பிடித்திருக்கிறது. இரத்தத்தை வெட்டி எடுக்காதே, பட்டினி போடு என்றார். நம் ஆச்சிமார் சொன்ன 'லங்கணம் பரம ஔஷதம்' இதுதான். நாலு நூற்றாண்டு கழித்து ரோமில் வைத்தியம் பார்த்த கேலன் இதை ஏற்கவில்லை. இரத்தம் எடுக்கத்தான் வேண்டும் என்று எராசிஸ்திராத்தஸையும் அவர் வழி வந்தவர்களையும் போட்டுத் தாக்கி எழுதினார். வென்றவர் கேலன். அதன் பலனை ஐரோப்பா ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் அனுபவித்தது.

நம் பக்கத்திலும் இந்தக் கணக்கு உண்டு. மருந்து அதிகாரத்தில் முதல் குறளே அதுதான்:

மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர்
வளிமுதலா எண்ணிய மூன்று.

வாதம், பித்தம், கபம். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய். கிரேக்கர் 'பிளேதோரே' என்று பெயர் வைத்து ஒரு பக்கத்தைப் பெரிதாக்கினார்கள். வள்ளுவர் 'மிகினும்', 'குறையினும்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். அடுத்த குறளில் அவரும் பட்டினிப் பக்கம்தான் சாய்கிறார். முன்பு சாப்பிட்டது செரித்த பிறகு சாப்பிட்டால் மருந்தே வேண்டாமாம்.

மே 9

தம்பியின் கேள்விக்கு முந்தாநாள் புத்தகப் பதில் சொன்னேன். வீட்டுப் பதில் ஒன்றும் இருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு அறுபது தாண்டியதும் முகம் செக்கச் சிவந்து வந்தது. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கும், தலையிடி. ஊரில் எல்லாரும் "கொழும்புச் சாப்பாடு ஒத்துக்கொண்டது, ஆள் மெருகேறிவிட்டார்" என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் பார்த்தால் சிவப்பணு கூடுதல். எலும்பு மச்சை அளவில்லாமல் சிவப்பணு உண்டாக்கும் நோய். ஆங்கிலத்தில் பொலிசைதீமியா வேரா. இரத்தம் தடித்து, உறைந்து, பாரிசவாதமோ மாரடைப்போ வரலாம். வைத்தியம் என்ன தெரியுமா? இரத்தம் எடுப்பது. இரத்ததானம் செய்வது போலவே, ஒரு தடவைக்கு ஏறத்தாழ அரை லீற்றர். இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 45க்குக் கீழே வரும்வரை, வந்த பிறகும் அங்கேயே நிற்கும்படி, விட்டு விட்டு எடுப்பார்கள். கூடவே மாத்திரையும் உண்டு.

கேலன் இதைக் கேட்டால் எழும்பி நின்று கைதட்டியிருப்பார்.

பெரியம்மாவுக்கு மட்டும் இது கடைசிவரை விளங்கவில்லை. இரத்தம் எடுத்துவிட்டு வரும் மனுசனுக்கு இரத்தம் ஊற வேண்டாமா? முருங்கையிலை வறை, பீட்ரூட், ஈரல். ஒருபக்கம் ஆஸ்பத்திரி இறைக்க, மறுபக்கம் பெரியம்மா ஊற்றிக்கொண்டிருந்தார். "இரத்தக் குறைவு" என்று ஒரு சொல் எங்களிடம் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். எதிர்ச்சொல் இல்லை. இல்லாத சொல்லுக்கான நோயை எப்படி விளங்க வைப்பது? கிளினிக்கில் ஒரு தாதிதான் கடைசியில் "அம்மா, ஐயாவுக்கு ரத்தம் கூடிப்போச்சு" என்றார். அதன் பிறகு ஈரல் நின்றது. வறை நிற்கவில்லை.

மே 10

பிள்ளை வைத்தியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிறந்த குழந்தைகள் சில செக்கச் செவேல் என்று இருந்தால், வார்ட்டில் இன்றும் 'பிளெதொரிக்' என்றுதான் கொப்பியில் எழுதுவார்களாம். சிவப்பணுவின் பங்கு 65 வீதத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நிலை. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டைக் குழந்தைகளில், ஒன்றின் இரத்தம் மற்றதற்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு பிள்ளை வெளிறியும் ஒரு பிள்ளை சிவந்தும் பிறக்குமாம்.

ஆக, பழைய பொருள் செத்துவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. வார்ட்டில் உயிரோடு வேலை பார்க்கிறது.

மே 12, வெசாக்

வருகிறேன் என்று சொன்ன உறவுக்காரர் இன்றுதான் வரவேண்டும். பூரணை.

முழுநிலவுக்கு நாங்கள் இலங்கையில் சொல்லும் 'பூரணை', தமிழ்நாட்டார் சொல்லும் 'பௌர்ணமி', இரண்டும் 'பூர்ண' என்ற வடசொல்லில் இருந்து வருபவை. பூர்ண என்றால் நிரம்பியது. அது 'பிளெதொரா'வின் அதே பழைய வேரில் வந்த சொல். கிரேக்கத்தில் 'பிளே' என்று தொடங்குவது வடமொழியில் 'பூர்' ஆகி நிற்கிறது. காதுக்கு ஒட்டாது, ஆனால் உறவு உறுதியானது. அன்றைக்கு 'பல' என்று எழுதிய ஐயாவுக்கும் இதையே காட்டுகிறேன்: ஒலி ஒத்திருப்பது உறவல்ல, ஒலி ஒவ்வாமலும் உறவு இருக்கலாம்.

இதில் வேடிக்கை, இதே நாளுக்கு நாங்கள் சொல்லும் மற்றப் பெயர் 'போயா'. அது பாளியின் 'உபோசத' சிங்களத்தில் தேய்ந்து வந்தது. உபவாசத்தோடு சேர்ந்த சொல். ஒரே நாளுக்குப் பூரணை என்றால் நிரம்பியது, போயா என்றால் நோன்பு. எராசிஸ்திராத்தஸின் நோயும் மருந்தும் ஒரு கலண்டர்க் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

மாலையில் பேர வாவிப் பக்கம் போனேன். வெசாக் கூடுகள், சனம், ஒவ்வொரு சந்தியிலும் தன்சல். ஒரு இடத்தில் சோறு, இன்னொரு இடத்தில் ஐஸ்கிரீம், அடுத்ததில் கடலை. வேண்டாம் என்றாலும் மறித்துக் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிற பேர்வழி ஒருவர் இதை 'எ பிளெதொரா ஒஃப் தன்சல்ஸ்' என்று எழுதக்கூடும். நான் எழுத மாட்டேன். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அங்கே எதுவும் கூடிப்போகவில்லை. அதே வீதியில் நகராமல் நிற்கும் வாகனங்களுக்கு வேண்டுமானால் அந்தச் சொல் பொருந்தும்.

மே 13

நேற்றையதற்கு ஒரு வால். மோதகத்துக்குள் வைக்கிற 'பூரணம்' இருக்கிறதே, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும், அதுவும் இந்தக் குடும்பம்தான். நிரப்புவது என்று பொருள்.

இன்னொன்று. 1966 முதல் 1971 வரை இங்கே ஞாயிறு வார விடுமுறை இல்லை. நிலவின் நாலு கட்டங்களும் போயா விடுமுறை. வாரம் சில வேளை ஏழு நாளுக்கு மேல் நீளும். இதைச் சொன்னால் என் மாணவர்கள் நம்புவதில்லை. கொழும்பில் மூத்தவர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள், கதை கதையாக வரும்.

மே 16

"இரத்தம் எடுக்கும் வைத்தியத்தின் பலனை ஐரோப்பா அனுபவித்தது" என்று ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனேனாம், விரித்துச் சொல்ல வேண்டுமாம். சரி.

ஐரோப்பா மட்டுமல்ல, அதன் வைத்தியம் போன அமெரிக்காவும் அனுபவித்தது. அங்கே முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன். 1799 டிசம்பர், தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. ஒரே நாளில் நாலு தடவை இரத்தம் எடுத்தார்கள். மொத்தம் 2 லீற்றருக்கும் மேல் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 14ஆம் திகதி இரவு ஆள் முடிந்தார். தொண்டை நோயே கொன்றிருக்கும் என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த இரத்தம் போனது உதவியிருக்காது.

அதற்குப் பிறகாவது விட்டார்களா? பாரிசில் அட்டைப் பைத்தியம் பிடித்தது. 1830களில் பிரான்ஸ் ஒரே வருடத்தில் கோடிக்கணக்கில் அட்டைகளை வெளிநாட்டில் இருந்து இறக்கியது. அதே பாரிசில் பியர் லூயி என்ற வைத்தியர் உட்கார்ந்து எண்ணினார். 77 நிமோனியா நோயாளிகள், யாருக்கு எந்த நாளில் இரத்தம் எடுத்தார்கள், யார் பிழைத்தார்கள். 1835இல் வெளியிட்டார். இரத்தம் எடுத்ததால் பெரிய நன்மை ஒன்றும் தெரியவில்லை. வைத்தியர்கள் தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் எண்ணிப் பார்த்தது பெரிய காரியம். ஆனால் வழக்கம் உடனே சாகவில்லை, சாக இன்னும் பல பத்தாண்டு எடுத்தது. லண்டனில் 1823இல் தொடங்கிய வைத்திய இதழின் பெயரே 'த லான்செட்'. இரத்தம் எடுக்கக் கீறும் சிறுகத்தியின் பெயர் அது. சலூன் வாசலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் கம்பமும், நாவிதர்களே இரத்தம் எடுத்த காலத்தின் மிச்சம் என்பார்கள்.

அட்டை என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கடலட்டை நினைவு வந்து கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதுவல்ல, இது இரத்தம் குடிப்பது, சிங்கராஜக் காட்டில் சப்பாத்துக்குள் ஏறும் அட்டைக்கு உறவு. 1344இல் சிவனொளிபாதமலைக்குப் போன இப்னு பதூதா இந்தப் பாயும் அட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அட்டை ஏறினால் அதன்மேல் தேசிக்காய் பிழிய ஆட்கள் ஆயத்தமாக வைத்திருந்தார்களாம். மலைக்குப் போகிறவர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள், சிலர் சவர்க்காரமும் பூசிக்கொள்கிறார்கள். அட்டை விட்டு இரத்தம் எடுப்பது ஆயுள்வேதத்திலும் பழைய முறை. சுஸ்ருத சம்ஹிதை அட்டைகளை 12 வகையாக்கி, 6 நஞ்சுள்ளது, 6 நஞ்சில்லாதது என்று பிரித்து வைத்திருக்கிறது.

மே 17

"ஒரு சொல்லைக் கேட்டதற்கு அட்டைவரை போய்விட்டீர்கள்" என்று ஒருவர் முறைப்பாடு. ஏற்றுக்கொள்கிறேன். நன்னூல் பத்துக் குற்றம் சொல்கிறது. அதில் ஒன்று 'மற்றொன்று விரித்தல்'. இந்த இழையே அதற்கு உதாரணம்.

அதே பட்டியலில் 'மிகைபடக் கூறல்' என்றும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'பிளியனாசம்' என்பார்கள். அந்தச் சொல்லும், பார்த்தீர்களா, இதே 'நிரம்பிய' வேர்தான். "காலிமுகத்திடல் மைதானம்" என்கிறோமே, திடல் போதாதா? "அரைவாசிப் பாதி" என்று எங்கள் வீட்டில் ஒருவர் சொல்வார். யார் என்று சொன்னால் எனக்கு இரவுச் சாப்பாடு கிடையாது.

மே 21

புறக்கோட்டையில் ஒரு உடுப்புக் கடைக்கு மேலே பெரிய எழுத்தில் 'பார்கெய்ன்ஸ் கலோர்' என்று பார்த்தேன். 'கலோர்' பற்றி யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அது அயர்லாந்துக்காரரின் மொழியில் 'கொ லோர்'. அங்கே அதற்குப் பொருள் 'போதுமான அளவு'. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது போதும் என்பது தாராளம் என்றாகிவிட்டது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உட்காரும் அதன் பழக்கம் மட்டும் மாறவில்லை. பிளெதொரா போன திசையை இது தொடவே இல்லை. பிளெதொரா நோயாகத் தொடங்கி நல்ல பிள்ளையானது. கலோர் போதும் என்ற நிறைவில் தொடங்கி வழிந்து நிற்கிறது, ஆனால் ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. ஆகவே அந்த வாசகியின் மகளுக்குக் கலோர் ஆபத்தில்லாத சொல். கட்டுரைக்குக் கொஞ்சம் கடைவாசம் அடிக்கும், அவ்வளவுதான்.

'சர்ஃபீட்' என்று மூன்றாவது ஒன்று. பழைய பிரெஞ்சில் 'மிஞ்சிச் செய்தது'. இங்கிலாந்து மன்னன் முதலாம் ஹென்றி 1135இல் வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியும் லாம்ப்ரே என்ற விலாங்கு மாதிரியான பிராணியைத் தின்று செத்தான் என்பது கதை. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் இன்றும் அந்த மீனோடுதான் நினைவிருக்கும்.

மே 24

பத்தரமுல்லைப் பக்கம் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒரு தங்கச்சி கேட்கிறார்: "ஆஸ்பத்திரித் துண்டுப்பிரசுரம் ஒன்றில் 'பிளெதொரிக் அப்பியரன்ஸ்' என்று வருகிறது. அகராதியில் 'குருதி மிகை' என்று கிடைக்கிறது. தாய்மாருக்கு விளங்குமா?"

விளங்காது. 'மிகை' என்று போட்டால் பாதிப்பேர் 'மிகைநேர வேலை' என்று நினைப்பார்கள். 'மிகுதி' என்று போட்டால் இன்னும் மோசம். எங்களுக்கு 'மிகுதி' என்றால் மிச்சக் காசு. பஸ்ஸில் கொண்டக்டரிடம் கேட்பது.

அந்தத் தாதி பெரியம்மாவிடம் எப்படிச் சொன்னார் என்று மே 9இல் எழுதியிருக்கிறேன், பாருங்கள். "ரத்தம் கூடிப்போச்சு." கூடியது என்றால் வெறும் கணக்கு. சம்பளம் கூடியது, புள்ளி கூடியது, நல்லதுதான். கூடிப்போனது என்றால் ஏதோ பிழைத்துவிட்டது. கறிக்கு உப்பு கூடிப்போகும். கலியாணத்துக்குச் சனம் கூடியது என்றால் சந்தோசம், கூடிப்போனது என்றால் பந்தியில் சோறு காணாது. ஆங்கிலக்காரர் ஒரு பெயர்ச்சொல்லுக்குள் வைத்துப் பாதி தொலைத்துவிட்ட முறைப்பாட்டை நாங்கள் 'போ' என்ற துணைவினையில் வைத்திருக்கிறோம். அது தேயவும் இல்லை. பெயர்ச்சொல் தேடி அகராதியைக் கிண்டுவதால்தான் கிடைக்காமல் போகிறது.

ஆகவே தங்கச்சி, இப்படி எழுதிப் பாருங்கள்: "குழந்தையின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடிப்போனால் தோல் வழக்கத்தை விடச் சிவந்து தெரியலாம். அப்படித் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்."

'கூடிப்போனால்' பேச்சுவழக்கு, அரச ஆவணத்துக்குச் சரிவராது என்று மேலிடத்தில் யாராவது சொன்னால், 'அளவுக்கு மேல் கூடினால்' என்று மாற்றிக் கொடுங்கள். இரண்டு சொல் நீளும், பொருள் போகாது. 'குருதி மிகை' மட்டும் வேண்டாம்.